பாய் விரித்த பிறகு புரொப்பல்லர் என்ன செய்கிறது?

1860 டிசம்பர் இறுதியில் தேம்ஸ் நதியில் இறக்கப்பட்ட ‘வாரியர்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு இரும்பு உடல், நீராவி எஞ்சின், கூடவே மூன்று பாய்மரங்கள். நிலக்கரியை மிச்சம் பிடிப்பதற்காக, காற்று ஒத்துழைக்கும் இடங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயிலேயே ஓட்டுவார்கள். அப்படி ஓட்டும்போது 26 டன் எடையுள்ள புரொப்பல்லர் நீருக்குள் சும்மா கிடந்து கப்பலைப் பின்னுக்கு இழுத்தது. அதனால் அதை ஷாஃப்டிலிருந்து விடுவித்து, கப்பலின் பின்புறத்தில் இதற்கென்றே வைத்திருந்த குழிவழியாக மேலே தூக்கி நிறுத்த ஏற்பாடு செய்திருந்தார்கள். வடம் பிடிக்க 600 பேர் வரை தேவைப்பட்டார்கள். 1843-ல் ஆறு இறக்கைப் புரொப்பல்லரோடு வெளிவந்த ‘கிரேட் பிரிட்டன்’ கப்பலும், பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்கு நெடும்பயணம் போகத் தொடங்கிய பிறகு, தூக்கிவைக்கக்கூடிய புரொப்பல்லருக்கு மாற வேண்டியிருந்தது. அத்தனை பேரை வடம் பிடிக்க வைத்தாவது தூக்கியாக வேண்டும் என்று ஒரு கடற்படை முடிவு செய்ததென்றால், அந்த இழுவை எவ்வளவு பெரிய தொல்லை என்பது விளங்கும்.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பங்கள் வைத்திருக்கும் பத்து மீட்டர் பாய்மரப் படகுகளுக்கும் இதே தொல்லை உண்டு. அவற்றில் இருபது, முப்பது குதிரைத்திறன் டீசல் எஞ்சின் ஒன்று இருக்கும். துறைமுகத்தில் நுழையவும் வெளியேறவும், காற்று அறவே செத்துப்போன நாளில் ஊர் வந்து சேரவும் அது உதவுகிறது. மீதி நேரமெல்லாம் படகைக் காற்றுதான் ஓட்டுகிறது. புரொப்பல்லரோ எல்லா நேரமும் நீருக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதை வாங்கும்போது மட்டும் பலர் விசைப்படகுக்கு வாங்குவதைப் போல வாங்குகிறார்கள்: எவ்வளவு தள்ளும், என்ன விலை என்ற இரண்டே கேள்விகள்தான். பாய்மரப் படகின் புரொப்பல்லரை முதலில் அது வேலை செய்யாத நேரத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் வாதம். ஆனால் வகையைத் தேர்வு செய்வதற்கு முன்னால் அளவு சரியாக இருக்க வேண்டும். அளவு தவறிவிட்டால் எந்த வகையும் கைகொடுக்காது. ஆகவே அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

புரொப்பல்லரின் நடுக்குமிழில் இரண்டு எண்களைப் பொறித்திருப்பார்கள். உதாரணமாக 16×11. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் இறங்கும் என்று சொல்வதைப் போல, நீர் கெட்டியான பொருளாக இருந்தால் புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்பதே பிட்ச். நீர் கெட்டியானதல்ல, அது நழுவும். பாரமான பாய்மரப் படகில் இந்த வழுக்கல் நாற்பது, ஐம்பது சதவீதம் வரை இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகை எடுத்துக்கொள்வோம். இத்தகைய படகு எட்டக்கூடிய வேகத்தை அதன் நீளமே கட்டுப்படுத்துகிறது. அடிக்கணக்கில் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் ஏறக்குறைய அதன் உச்சம். 25-ன் வர்க்கமூலம் 5, ஆகவே 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12.4 கிலோமீட்டர். எஞ்சினின் உச்ச வேகம் 3600 ஆர்.பி.எம்., கியர்பாக்ஸ் விகிதம் 2.6 என்றால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1385 சுற்று சுற்றும். வழுக்கலே இல்லாவிட்டால் அந்த வேகத்துக்கு 5.9 அங்குலப் பிட்ச் போதும். வழுக்கல் 45 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் தேவை 11 அங்குலத்துக்குச் சற்றே குறைவு. விட்டத்தைப் பொறுத்தவரை, இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரியதாக வைத்து மெதுவாகச் சுற்றவிடுவதே நல்லது. இறக்கையின் நுனிக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இறக்கை கடக்கும்போதும் படகின் தரை அதிரும்.

கணக்கு ஆரம்பப் புள்ளிதான், தீர்ப்பு சொல்வது கடல். அடிப்பாகம் சுத்தமாக இருக்கும் படகை, காற்றும் அலையும் இல்லாத நாளில், ஆழமான நீரில் கொண்டுபோய் முழு த்ராட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் தயாரிப்பாளர் குறித்திருக்கும் உச்ச ஆர்.பி.எம்.மை எஞ்சின் எட்டினால் அளவு சரி. 3600 எட்ட வேண்டியது 2900-லேயே மூச்சு முட்டி, புகைபோக்கியில் கரும்புகை வந்தால் பிட்ச் அதிகம். எரிக்க முடியாத டீசல் கரியாக வெளியேறுகிறது என்று பொருள். இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் எஞ்சினுக்குள் கரி படியும், சூடு ஏறும், ஆயுள் குறையும். படகு வேகம் எடுக்காமலே எஞ்சின் மட்டும் சிரமமின்றி உச்சத்தைத் தொட்டுவிட்டால் பிட்ச் போதவில்லை. எதிர்க்காற்றில் அந்தப் படகு நகராது. ஒரு அங்குலம் பிட்சைக் கூட்டினாலோ குறைத்தாலோ எஞ்சின் வேகம் 150 முதல் 200 சுற்று வரை மாறும் என்பது பட்டறைக்காரர்களின் நடைமுறைக் கணக்கு. விட்டத்தில் ஒரு அங்குலம் மாறினால் அது பிட்சில் இரண்டு, மூன்று அங்குலம் மாறியதற்குச் சமமான சுமையைத் தரும். பட்டறையில் பழைய புரொப்பல்லரைச் சூடாக்கி முறுக்கிப் பிட்சைத் திருத்தித் தருவார்கள். புதிய புரொப்பல்லருக்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பகுதிதான். படகு சரியாகப் போகவில்லை என்றதும் எஞ்சினை மாற்றக் கிளம்புகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் பெரும்பணம் மிச்சமாகியிருக்கும்.

இனி எஞ்சினை அணைப்போம். 16 அங்குல விட்டத்தில் மூன்று அகன்ற இறக்கைகள். அந்த வட்டத்தின் பரப்பில் பாதியை இறக்கைகள் அடைத்துக்கொள்கின்றன என்றால் சுமார் 0.065 சதுர மீட்டர். படகு 5 நாட் வேகத்தில், அதாவது விநாடிக்கு 2.57 மீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு சதுர மீட்டரில் மோதும் நீரின் அழுத்தம் 340 கிலோவுக்கு மேல். பெருக்கிப் பார்த்தால் புரொப்பல்லர் மட்டும் சுமார் 22 கிலோ விசையோடு படகைப் பின்னுக்கு இழுக்கிறது. படகின் உடலுக்குப் பின்னால் நீர் கொஞ்சம் மந்தமாக ஓடுவதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும், ஐந்து டன் படகு ஒன்றின் மொத்த நீர் எதிர்ப்பே அந்த வேகத்தில் ஐம்பது, அறுபது கிலோ அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்தால் இது சின்னக் கணக்கு அல்ல. கிடைக்க வேண்டிய வேகத்தில் அரை நாட் போய்விடும். அரை நாட் என்றால் ஒரு இரவும் பகலும் ஓடிய பிறகு 12 கடல்மைல்.

வேகமாக ஓடும்போதுதான் இழுவை அதிகம், மெதுவாகப் போனால் பாதிப்பில்லை என்று பொதுவாக நினைக்கிறார்கள். விளைவு நேர்மாறானது. பலத்த காற்றில் படகு தன் உச்ச வேகத்தை நெருங்கும்போது, அது கிளப்பும் அலையே மிகப் பெரிய தடையாகிவிடுகிறது. அங்கே புரொப்பல்லரின் இழுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகத்தில் பெரிய வித்தியாசம் வராது. மென்காற்றில் மூன்று, மூன்றரை நாட்டில் தவழும்போது அலைத்தடை மிகக் குறைவு, நீர் உராய்வுதான் முக்கியம். அப்போது மொத்தத் தடையில் புரொப்பல்லரின் பங்கு பெரியது. பாயில் கிடைக்கும் விசையும் அப்போதுதான் குறைவு. ஆகவே எந்த நேரத்தில் ஒவ்வொரு கிலோவும் அருமையோ, அந்த நேரத்தில்தான் புரொப்பல்லர் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. பந்தயம் நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஐ.ஆர்.சி., ஓ.ஆர்.சி. போன்ற சர்வதேசப் படகுப் பந்தய மதிப்பீடுகளில் புரொப்பல்லர் எந்த வகை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். இறக்கைகள் மடங்காத நிலையான புரொப்பல்லர் கொண்ட படகுக்கு அதற்கான சலுகையும் உண்டு.

இந்த இழுவையைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு இறக்கைப் புரொப்பல்லர் வைத்து அதைக் கீலுக்கு, அதாவது படகின் அடியில் நீட்டியிருக்கும் தண்டுக்கு, பின்னால் ஒளித்துவைப்பது. நீண்ட கீல் கொண்ட பழைய படகுகளில் இது நன்றாகவே பலிக்கும். படகுக்குள்ளே ஷாஃப்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவைத்து, எஞ்சினை நிறுத்தியதும் அந்தக் கோடு மேலே வரும்படி ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பூட்டினால் இரண்டு இறக்கைகளும் செங்குத்தாக நின்று கீலின் மறைவுக்குள் போய்விடும். எளிமையான, செலவில்லாத ஏற்பாடு. ஆனால் எஞ்சின் ஓடும்போது இரண்டு இறக்கைகளும் ஒரே நேரத்தில் கீலுக்குப் பின்னால் இருக்கும் மந்தமான நீரைக் கடப்பதால் அதிர்வு அதிகம், தள்ளும் வலுவும் குறைவு. துடுப்பு போன்ற குறுகிய கீல் கொண்ட இன்றைய படகுகளில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இரண்டாவது, மடங்கும் புரொப்பல்லர். படகு பாயில் ஓடும்போது நீரின் வேகமே இறக்கைகளைப் பின்னோக்கிக் கூப்பிவிடும். எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் சுழல்விசையில் அவை விரியும். டென்மார்க்கின் ஃப்ளெக்ஸோஃபோல்ட், கோரி இரண்டும் இதில் பெயர்பெற்றவை. வோல்வோ பென்டாவும் தயாரிக்கிறது. பழைய இரண்டு இறக்கை வகைகளில் ஒவ்வொன்றும் தனித்தனியே தொங்கியதால் கீழிறக்கை பாதி திறந்தபடி நீரில் தொங்கும், எஞ்சின் கிளம்பும்போது ஒன்று விரிந்து மற்றது விரியாமல் ஷாஃப்ட் உதறும். இப்போது இறக்கைகளின் அடியில் பற்சக்கரம் வைத்து இரண்டும் மூன்றும் ஒன்றாகவே திறந்து மூடும்படி செய்துவிட்டார்கள். மூன்றாவது, திரும்பும் புரொப்பல்லர். இதில் இறக்கை மடங்காது, தன் அச்சிலேயே திரும்பி ஓரத்தை நீரோட்டத்துக்குக் காட்டி நிற்கும். இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப், நியூசிலாந்தின் கிவிப்ராப் இந்த வகை. ரிவர்ஸ் போடும்போது இறக்கை முழுதாகப் புரண்டு, முன்னோக்கிப் போகும்போது இருந்த அதே முன்விளிம்பை நீருக்குக் காட்டுவது இதன் தனிச்சிறப்பு. அதற்கு விலையாக, நீரோட்டத்துக்கு ஓரத்தைக் காட்டி நிற்கவும் இரு திசைக்கும் பொருந்தவும் வேண்டியிருப்பதால் இறக்கையில் பெரும்பாலும் முறுக்கு இருக்காது, தட்டையாக இருக்கும். முன்னோக்கிய ஓட்டத்தில் கொஞ்சம் திறன் குறையும். இரண்டு வகையிலுமே பாயில் ஓடும்போது மிஞ்சும் இழுவை, நிலையான மூன்று இறக்கையோடு ஒப்பிட்டால் மிகச் சிறு பங்குதான்.

மடங்கும், திரும்பும் வகைகளுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது, எதற்கு இந்தச் செலவு, நிலையான புரொப்பல்லரையே சுழலவிட்டால் போதாதா என்பது. பூட்டிவைத்தால் இழுவை குறையுமா, சுழலவிட்டால் குறையுமா என்ற சண்டை படகுத்துறைகளில் பல தலைமுறைகளாக நடந்தது. எஞ்சின் நின்ற ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கை அதை மெதுவாக இறக்குவதைக் காட்டி, சுழல்வதுதான் அதிகம் இழுக்கும் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஹெலிகாப்டரின் இறக்கை ஏறக்குறையத் தட்டையாக இருக்கிறது, படகின் இறக்கை நன்றாகச் சாய்ந்திருக்கிறது. அதனால் அந்த ஒப்பீடு நிற்காது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பத்துப் புரொப்பல்லர்களை வைத்து நடத்தி 1995-ல் வெளியான சோதனையும், ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்திலிருந்து 2008-ல் வெளியான ஆய்வும், ஷாஃப்ட் தடையின்றிச் சுழன்றால் இழுவை குறைகிறது என்றே காட்டின. ஆக, சுழலவிடுவது நல்லதுதான். ஆனால் குறைகிறதே தவிர, மடங்கும் வகையின் அளவுக்கு இறங்குவதில்லை. இரவெல்லாம் ஷாஃப்ட் உறுமும், பேரிங்கும் சீலும் தேயும். எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றும் கியர்பாக்ஸ்கள் சிலவற்றில் நீண்ட நேரம் சுழலவிடுவதே கெடுதல். சில தயாரிப்பாளர்கள் நியூட்ரலில்தான் விட வேண்டும் என்கிறார்கள், வேறு சிலர் ரிவர்ஸில் பூட்டச் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் கியர்பாக்ஸ் கையேட்டுக்கு மேல் எந்த நண்பரின் ஆலோசனையும் வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம் ரிவர்ஸ். படகுக்குப் பிரேக் கிடையாது. நெருக்கமான படகுத்துறையில் ஐந்து டன்னை நிறுத்த ரிவர்ஸ் ஒன்றே வழி. மடங்கும் வகையில், பின்னோக்கித் தள்ளும்போது உண்டாகும் விசையே இறக்கையை மூடப் பார்க்கும், சுழல்விசை மட்டும்தான் அதைத் திறந்து பிடித்திருக்கும். பழைய மடங்கும் புரொப்பல்லர்களுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான், அந்தப் பெயர் நியாயமானதும்கூட. பற்சக்கரமும் கனமான இறக்கையும் வந்த பிறகு நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ரிவர்ஸ் போட்டதும் தயங்காமல் ஆர்.பி.எம்.மைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். அதிலும் நம்பிக்கை இல்லாதவர்களுக்குத் திரும்பும் வகை இருக்கிறது. ரிவர்ஸில் அது நிலையான புரொப்பல்லரையே மிஞ்சும், ஏனென்றால் நிலையான புரொப்பல்லரின் இறக்கை ரிவர்ஸில் பின்விளிம்பை முன்னே வைத்துக்கொண்டு வேலை செய்கிறது.

அசையும் உறுப்பு எது இருந்தாலும் நடுக்கடலில் கெடும் என்ற அச்சத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பின்கள் தேயும், சில வகைகளுக்கு ஆண்டுதோறும் கிரீஸ் வைக்க வேண்டும், அரிப்பைத் தான் ஏற்றுக்கொள்வதற்காகப் பொருத்தும் துத்தநாகத் துண்டு கரைந்துபோனால் புரொப்பல்லரின் வெண்கலம் அரிக்கப்படும், பல மாதம் நகராமல் கிடந்த படகில் கடல் ஒட்டுயிர்கள் பிடித்து இறக்கை திறக்காமலே போகலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது படகைக் கரையேற்றிப் பார்க்காத உரிமையாளருக்கு இந்த வகைகள் ஆகாது என்றே சொல்வேன். ஆனால் நிலையான புரொப்பல்லருக்கும் கடலில் ஆபத்து உண்டு. மிதக்கும் கயிறும் வலைத்துண்டும் பாயில் ஓடும் படகின் விரிந்த இறக்கையில் சிக்கும். கூப்பிய இறக்கையில் அவை பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் இன்னொன்று. குடும்பப் படகுகள் உண்மையில் பாதி நேரம் எஞ்சினில்தான் ஓடுகின்றன, பிறகு பாயில் இழுவை குறைந்து என்ன பயன் என்று கேட்கிறார்கள். கேட்பதில் உண்மை இருக்கிறது. நெதர்லாந்தின் கால்வாய்களில் ஓடும் படகுக்கும், காற்று திசைமாறிக்கொண்டே இருக்கும் நார்வேயின் ஃபியோர்டுகளில் ஊர் ஊராகப் போகும் படகுக்கும் நிலையான மூன்று இறக்கையே பொருத்தம், வேறு எதற்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. மற்ற இடங்களில் அந்தப் பாதி நேரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். காற்று மெலிகிறது, வேகம் மூன்று நாட்டுக்குக் கீழே இறங்குகிறது, இருட்டுவதற்குள் துறைமுகம் போய்ச் சேர முடியாது என்று கணக்குப் போட்டுச் சாவியைத் திருப்புகிறார்கள். இழுவை இல்லாத படகு அதே காற்றில் மூன்றரையில் போய்க்கொண்டிருக்கும், சாவியைத் திருப்பும் நேரமும் தள்ளிப்போகும். எஞ்சின் அதிகம் ஓடுவதால் நிலையான புரொப்பல்லர் போதும் என்கிறோம், நிலையான புரொப்பல்லர் இருப்பதாலேயே எஞ்சினும் அதிகம் ஓடுகிறது. டீசல் செலவைக் கூட்டிப் பார்ப்பவர்கள் இந்த மணிநேரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வகைகளின் விலை நிலையான புரொப்பல்லரைவிடப் பல மடங்கு என்பதை மறுக்க முடியாது. ஆனால் மென்காற்றுக்கென்று ஒரு புதிய பாய் தைக்க ஆகும் செலவோடு அதை ஒப்பிட வேண்டும். அந்தப் பாயை வருடத்தில் சில நாட்கள்தான் விரிக்கிறோம். இழுவை குறைந்த புரொப்பல்லர் ஒவ்வொரு நாளும் பலன் தருகிறது. ஆகவே என் தீர்ப்பு இது: அதிகமும் பாயில் ஓடி, ஆண்டுதோறும் கரையேறும் படகுக்குப் பற்சக்கரம் வைத்த மூன்று இறக்கை மடங்கும் புரொப்பல்லர். நெருக்கமான துறைமுகங்களிலேயே காலம் கழிக்கும் கனமான படகுக்குத் திரும்பும் புரொப்பல்லர். நீண்ட கீல் கொண்ட பழைய படகின் உரிமையாளர் தன் இரண்டு இறக்கைப் புரொப்பல்லரையும் பெயிண்ட் கோட்டையும் மாற்றவே வேண்டாம்.

எதை வாங்குவதானாலும், ஆர்டர் கொடுப்பதற்கு முன் அடிப்பாகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அலையில்லாத ஒரு காலையில் முழு த்ராட்டில் சோதனையைச் செய்துவிடுங்கள். எட்டிய ஆர்.பி.எம்., கிடைத்த வேகம், கியர்பாக்ஸ் விகிதம், ஷாஃப்ட் சுற்றும் திசை, நுனிக்கும் படகுக்கும் உள்ள இடைவெளி ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி விற்பவரிடம் கொடுங்கள். அவற்றைக் கேட்காமலே ஒரு அளவைச் சொல்லிப் பில் போடுகிற கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.